துணையும் துணிவும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசிய மேடை இது. இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு பொழுது கழிக்கும், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொண்ட நமக்கும் இங்கே அரைமணி நேரம் அளித்த செயற்குழுவினர்க்கு நன்றி கூறுகின்றோம். கம்பனின் கவிநயத்தையோ சிலம்பின் சிறப்பையோ கேட்க வந்தவர்கள் இன்று சற்றே பொறுத்தருள வேண்டும். நாம் எடுத்துக் கொண்ட பொருள் ஏட்டில் உள்ளதன்று. நம் காலனியின் மாடிப்படிகளில் நடமாடுவது. ஆணாக எண்ணி வளர்க்கப்பட்ட ஒருவர் தம்மைப் பெண் என்றும், பெண்ணாக எண்ணி வளர்க்கப்பட்ட ஒருவர் தம்மை ஆண் என்றும் உணர்ந்து, அவ்வுணர்வின்படி வாழத் தொடங்கும் வேளையில், அவருக்குத் துணை எங்கிருந்து வர வேண்டும், துணிவு எவ்வாறு பிறக்கும் என்பதே அப்பொருள்.

நண்பர்களே! துணை இன்னது என்பதைப் பிறர் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பாட்டன்மாரும் தந்தையரும் தாதரிலும் விக்டோரியா டெர்மினஸிலும் வந்து இறங்கியபோது, அவர்கள் கையில் என்ன இருந்தது? ஒரு தகரப் பெட்டியும், முகவரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் அன்றோ? தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். படுக்க ஓர் இடம் காட்டினார். குழாயில் தண்ணீர் வரும் நேரம் சொன்னார். "வேலை கிடைக்கும், கவலைப்படாதே" என்று தோளைத் தட்டினார். 1992-ஆம் ஆண்டில் மான்குர்திலிருந்து கழிமுகத்தைக் கடந்து வாஷிக்கு இரயில் ஓடத் தொடங்கிய பின்னர், நம்மில் பலர் இக்கரைக்கு வந்து சான்பாடாவில் குடியேறிய போதும் கதை அதுவே. முதலில் வந்தவர் பின்னர் வந்தவர்க்குப் பால்காரரையும் பள்ளிக்கூடத்தையும் காட்டினார். துணிவு தனியே வரவில்லை; துணையின் பின்னே வந்தது. புதிய ஊருக்கு வந்தவர்க்கே இத்துணை தேவையாயின், புதிய பெயரோடும் கோலத்தோடும் பழைய தெருவிலேயே நடக்கத் தொடங்கும் ஒருவர்க்கு எத்துணை வேண்டும் என எண்ணிப் பாருங்கள்.

இஃது ஏதோ இக்காலத்து நாகரிகம், மேனாட்டுச் சரக்கு என்பார் உளர். அவர்கட்குத் தொல்காப்பியரே விடை கூறுகின்றார். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் திணையும் பாலும் வகுக்கும்போதே, ஆண்மையினின்று திரிந்து பெண்மையை மேற்கொண்டாரை எங்கே வைப்பது என்னும் வினாவை அவர் எதிர்கொள்கின்றார். அவர்களை உயர்திணையிலே வைக்கின்றார். அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைப் பால்களுக்கு உரிய ஈறுகளையே அவர்கள் பெறுவர் என விதிக்கின்றார். மனிதரை மனிதராக எண்ணுக என்பது நம் இலக்கணத்தின் தொடக்கப் பாடமாக இருக்க, தெருவில் ஒருவரைக் கண்டு அஃறிணைச் சொல்லால் அழைப்போர் தமிழுக்கே பிழை செய்கின்றனர் என்க.

கூத்தாண்டவர் கோயில் கொண்ட கூவாகத்தைப் பலரும் அறிவீர்கள். சித்திரை விழாவில் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக் கொண்டு, மறுநாள் தாலி அறுத்து அழுகின்றனர். விழா நாளில் ஊரே திரண்டு பார்க்கின்றது. விழா முடிந்த பின்னர் அவர்கள் எங்கே போகின்றார்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

பலர் வந்து சேர்ந்த இடம் நம் நகரமே! நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூரில் பிறந்த ரேவதி அம்மையார், வீட்டில் அடியும் ஏச்சும் தாங்காமல் தில்லிக்கும் பின் பம்பாய்க்கும் வந்த வரலாற்றைத் தாமே எழுதியுள்ளார். தமிழில் அது 'வெள்ளை மொழி' என்னும் பெயரோடு 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. லிவிங் ஸ்மைல் வித்யா அவர்கள் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நான், வித்யா' என்னும் தன்வரலாற்றில், பட்டம் பெற்ற பின்னரும் புனேயில் இரயில் வண்டிகளில் கையேந்தி நின்ற நாள்களை மறைக்காமல் கூறுகின்றார். இரயில்வேத் தொழிலாளராகிய நாம் அப்பக்கங்களை எளிதில் கடந்து செல்ல இயலாது. நாம் நாள்தோறும் ஓட்டியும், பழுது பார்த்தும், சீட்டு வழங்கியும் நடத்துகின்ற வண்டிகளில்தாம் வீட்டை இழந்த பிள்ளைகள் ஏறி வந்தார்கள். வழியனுப்ப ஒருவரும் நிலையத்திற்கு வரவில்லை.

வந்தவர்க்கு அடைக்கலம் கொடுத்தவர் யார்? அவர்க்கு முன்னர் அதே வண்டியில் வந்த திருநங்கையரே. குரு என்றும் சேலா என்றும், தாய் என்றும் மகள் என்றும் உறவு வகுத்துக் கொண்டு, ஓர் அறையில் பத்துப் பேர் உண்டு உறங்கினர். அந்த அமைப்பிலும் கட்டுப்பாடுகளும் துன்பங்களும் உண்டு என்பதை அத்தன்வரலாறுகளே சொல்கின்றன. ஆயினும், பெற்றோர் கதவடைத்த இரவில் கதவு திறந்தவர்கள் அவர்களே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இனித் துணை வாய்த்தபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் பார்ப்போம்.

மதுரையில் பிறந்தவர் நர்த்தகி நடராஜ் அம்மையார். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்க்கு வாய்த்த துணைகள் இரண்டு. தம்மைப் போன்றே உணர்ந்த சக்தி என்னும் தோழி ஒருவர். தஞ்சை நாட்டிய மரபின் வழிவந்த ஆசான் கிட்டப்பா பிள்ளை அவர்கள் மற்றொருவர். அவ்வாசான் இவரை மாணாக்கியாக ஏற்றார். கலையை ஒளிவு மறைவின்றிக் கற்பித்தார். 2019-ஆம் ஆண்டில் அவ்வம்மையார் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு தோழமையும் ஓர் ஆசானும் சேர்ந்து ஒருவரை எவ்வளவு உயரத்திற்குக் கொண்டு செல்ல முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி அவர்கள் காவல் துறையில் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் இவர்க்கென ஒரு கட்டம் இல்லை. ஆதலின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2015-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017-ஆம் ஆண்டில் அவர் பணியேற்றார். ஒரு தாளில் ஒரு கட்டம் இல்லாமையால் ஒருவர் வாழ்வு நின்று போகும் என்பது எழுத்தர் தொழில் புரியும் நமக்கு நன்கு விளங்கும். நம் இரயில்வேயின் முன்பதிவு விண்ணப்பத்திலும் ஆண், பெண் என்னும் இரண்டினோடு மூன்றாவதாக அவர்க்கும் ஓர் இடம் 2016-ஆம் ஆண்டில் சேர்க்கப்பெற்றது. சிறு கட்டந்தான்! ஆனால் அதன் முன் நின்று எதனைக் குறிப்பது என்று கலங்கியவர்க்கு அது சிறிதன்று.

பெரியோர்களே! இதுகாறும் கூறியவை பெரும்பாலும் திருநங்கையர் வரலாறு. பெண்ணாக வளர்க்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்வோரைத் திருநம்பி என்கின்றோம். அவர் துன்பம் வெளியே தெரிவதில்லை. பெண் பிள்ளை என்று வீட்டுக்குள் வைக்கப்படுகின்றார். வெளியே ஓடவும் வழியில்லை. "கலியாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகி விடும்" என்று நல்லெண்ணத்தோடே நாள் பார்க்கின்றனர். அதனால் இரண்டு உயிர்களின் வாழ்வு கெடுகின்றது. இதனைத் தாய்மார்கள் சிறப்பாகக் கருத வேண்டுகின்றோம்.

இனி, இப்பயணத்தைத் தொடங்கும் இளைஞர்க்குச் சில சொற்கள்.

முதலாவது, உலகம் முழுவதற்கும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டும் என்பதில்லை. நம்பத் தகுந்த ஒருவரைத் தேர்ந்து அவரிடம் சொல்லுங்கள். அவர் அத்தையாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், உடன் படிக்கும் தோழராக இருக்கலாம். ஒருவர் அறிந்தார் என்றால் சுமை பாதியாகும். இரண்டாவது, படிப்பையும் வேலையையும் விடாதீர்கள். பள்ளிச் சான்றிதழ்களையும் அடையாள ஆவணங்களையும் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். கையில் சம்பளம் உள்ளவர் சொல் வீட்டிலும் ஏறும், வெளியிலும் ஏறும். மூன்றாவது, மருந்து பற்றியது. யாரோ சொன்னார் என்று கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கி விழுங்குதல் குருதி உறைதல் போன்ற கேடுகளை விளைக்கும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் மேற்பார்வையில், குருதிச் சோதனை செய்தே அதனை மேற்கொள்ள வேண்டும். எல்லாரும் மருந்தும் அறுவைச் சிகிச்சையும் மேற்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிலர்க்குப் பெயரும் உடையும் போதும், சிலர்க்குப் போதா. அளவு அவரவர் அறிவது. நான்காவது, முன்னே நடந்தவர்களைத் தேடிப் பழகுங்கள். தம்மைப் போன்றவர் ஒருவர் வேலை பார்த்து, வீடு வாடகைக்கு எடுத்து, சிரித்து வாழ்வதைக் கண்ணால் காண்பதைப் போல் நம்பிக்கை ஊட்டுவது வேறொன்றும் இல்லை.

பெற்றோர்க்கும் சில சொல்ல வேண்டும். பிள்ளை வந்து சொன்ன அன்று உங்கள் நெஞ்சு பதறும்; உறக்கம் வாராது; யார் செய்த பாவமோ என்று தோன்றும். அது இயல்பே. ஆனால் இது பாவமும் அன்று, வளர்ப்பின் குறையும் அன்று, மனநோயும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஏற்று 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில், இதனை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிவிட்டது. "மாற்றித் தருகின்றேன்" என்று பணம் பறிக்கும் மருத்துவரிடமும் மந்திரவாதியிடமும் பிள்ளையை இழுத்துச் செல்லாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் 2021-ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பு அத்தகைய வைத்தியத்தைத் தடுக்குமாறு பணித்தது. 2022-ஆம் ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதனை மருத்துவரின் தொழில் ஒழுக்கக் கேடு என அறிவித்தது.

உங்கள் துயரைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கொட்டுவதைக் காட்டிலும், அதே துயரைக் கடந்த பெற்றோரிடம் சொல்லி ஆறுதல் பெறுவது நன்று. இந்நகரில் அத்தகைய பெற்றோர் கூடி 2017-ஆம் ஆண்டில் ஸ்வீகார் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். 1994-ஆம் ஆண்டு முதல் ஹம்சஃபர் டிரஸ்ட் இம்மும்பையில் தொண்டு புரிந்து வருகின்றது. தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகம் 2012-ஆம் ஆண்டில் தொலைபேசி வாயிலாக மன ஆறுதல் அளிக்கும் ஐகால் என்னும் பணியைத் தொடங்கிற்று. நம் வீட்டிலிருந்து அரைமணிப் பயணத் தொலைவில் உள்ளவற்றை அறியாமல், ஆயிரம் கல் தொலைவில் உள்ள சோதிடரைத் தேடுவானேன்?

சட்டத்தின் நிலையையும் சுருங்கக் கூறுவோம். 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தமிழ்நாட்டு அரசு திருநங்கையர்க்கு நல வாரியம் கண்டது. 15-4-2014 அன்று உச்ச நீதிமன்றம், தம் பாலினம் இன்னது என உரைக்கும் உரிமை அவரவர்க்கே உண்டு என்றும், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கல் தகாது என்றும் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அது 10-1-2020 முதல் நடைமுறைக்கு வந்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வாயிலாக அடையாளச் சான்று பெற வழி வகுத்தது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவன என்பது அலுவலகத்தில் உள்ளோர் அறிந்ததே. ஆகவே விண்ணப்பம் எழுதும் நாளில் நடப்பில் உள்ள விதி யாது என்பதைச் சட்டம் அறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்து எழுதுங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பிறர் என்னும் கட்டத்தில் 4,87,803 பேர் எண்ணப்பட்டனர். சொல்ல அஞ்சியவர்கள் அவ்வெண்ணில் அடங்கார்.

அன்பர்களே! இனி இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருவோம்.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர், நம்மைப் போன்றே இரயில்வேயில் உழைப்பவர், செயற்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளார். அவர் இசைவோடும், அவர் பிள்ளையின் இசைவோடுமே, பெயர் கூறாது இதனை இங்கே எடுத்துரைக்கின்றோம். பதினெட்டு ஆண்டு நிறைந்து கல்லூரியில் பயிலும் அப்பிள்ளை, இதுவரை மகள் என வழங்கப்பட்டவர், இனி மகன் என வாழ விரும்புகின்றார். அவர் தமக்கென ஒரு பெயர் தெரிந்து கொண்டுள்ளார். ஆண்டு விழாவில் குறள் ஒப்புவித்தலுக்குப் பரிசு பெறுவோர் பட்டியலில் தம் பிள்ளையின் பெயர் அப்படியே அச்சாக வேண்டும், மேடையிலும் அப்பெயரே அழைக்கப்பட வேண்டும் என்று அத்தந்தை கேட்டுள்ளார். கடிதத்தின் இறுதியில், "இதற்கு என்ன தாள் இணைக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்" என்று எழுதியிருந்தார்.

அவ்வரியைப் படித்த பின்னர் நாம் நெடுநேரம் அடுத்த கடிதத்தை எடுக்கவில்லை. அலுவலகப் பணிப்பதிவேட்டில் பெயர் மாற வேண்டுமாயின் பிரமாணப் பத்திரம் வேண்டும், செய்தித்தாள் விளம்பரம் வேண்டும், அரசிதழில் வெளியீடு வேண்டும். அவற்றை அந்த இளைஞர் உரிய காலத்தில் செய்வார். நாமும் உடன் சென்று வரிசையில் நிற்போம். ஆனால் நம் சங்கத்தின் பரிசுப் பட்டியல் அரசிதழா? இங்கே அடைமொழியும் புனைபெயரும் சூட்டிக் கொண்டு கவியரங்கம் ஏறியவர் எத்தனை பேர்! அவர்களிடம் எந்தத் தாளைக் கேட்டோம்? விரும்பிய பெயரால் அவர்களை அழைத்தோம், அவர்கள் மகிழ்ந்தனர்.

செயற்குழுவில் இதற்கு இரண்டு கருத்து எழுந்தது. "சிறு குழந்தைகள் கேட்டால் என்ன விடை சொல்வது? பிற காலனியார் நகைக்க மாட்டார்களா?" என்றார் மூத்தவர் ஒருவர். அவர் கவலை பொய்யன்று. சங்கத்தின் நற்பெயரைப் பேணி வளர்த்தவர் அவர். அவர்க்கு நாம் மதிப்போடு கூறும் மறுமொழி இது: குழந்தைகளுக்கு இது நம்மைக் காட்டிலும் எளிது. "இனி அக்கா இல்லை, அண்ணா" என்று ஒரு முறை சொன்னால் போதும். மறுநாள் மாடிப்படியில் "அண்ணா, பந்தை எடுத்துத் தாருங்கள்" என்று கூவுவார்கள். நகைப்போர் நகைக்கட்டும். நம் தமிழையும் நம் வேட்டியையும் கண்டு இந்நகரில் நகைத்தவர் ஒரு காலத்தில் இல்லையா? அதற்காக நாம் தமிழை விட்டோமா?

அவரை எவ்வாறு அழைப்பது என்று தயங்குவோர்க்குத் தமிழே கை கொடுக்கின்றது. அவன், அவள் என்று நா தடுமாறும் இடத்தில், 'அவர்' என்னும் சொல் இருக்கின்றது. ஆண் பெண் என்று பிரியாத, மரியாதை மட்டுமே உடைய சொல் அது. பழகும் வரையில் 'அவர்' எனச் சொல்லுங்கள். பழகிய பின்னர் 'தம்பி' என்று உரிமையோடு கூப்பிடுங்கள். அவர் உடலைப் பற்றிக் கேள்வி கேளாதீர்கள். நம் உடலைப் பற்றி எவரும் படிக்கட்டில் நிறுத்திக் கேட்பதில்லை. அவர் பெற்றோரைக் கோயிலிலும் கடைத்தெருவிலும் கண்டால் முகம் திருப்பாதீர்கள், "பிள்ளை நலமா?" என்று கேளுங்கள். அத்தாய் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார்.

துணிவு என்பது ஒருவர் தம் நெஞ்சிலிருந்து தாமே தோண்டி எடுக்கும் புதையல் என்று சிலர் நினைக்கின்றனர். தொடக்கத்தில் அது பிறரிடம் பெறும் கைம்மாற்று. தாய் கொஞ்சம் தருகின்றார். தோழர் கொஞ்சம் தருகின்றார். அண்டை வீட்டார் கொஞ்சம் தருகின்றார். அதனை முதலாக வைத்தே அவர் பின்னர் தமக்கெனச் சம்பாதித்துக் கொள்கின்றார். அக்கைம்மாற்றை மறுத்த வீடுகளின் பிள்ளைகள்தாம் வண்டியேறிப் போனார்கள். நம் காலனியிலிருந்து அவ்வாறு ஒரு பிள்ளை போகலாகாது.

ஆகவே, எதிர்வரும் பொதுக்குழுவில் அக்கடிதம் படிக்கப்படும்போது, தாள் எதுவும் இணைக்கத் தேவையில்லை என்று நாம் அனைவரும் ஒருமனதாக மறுமொழி அளிக்க வேண்டும் என இருகரம் கூப்பி வேண்டுகின்றோம். விழா நாளில் அப்பெயர் மேடையில் ஒலிக்கும்போது, மற்றப் பிள்ளைகளுக்குக் கைதட்டும் அளவே அவருக்கும் கைதட்டுங்கள். மிகுதியும் வேண்டா, குறைவும் வேண்டா.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!